கொள்ளைநோயும் இரும்பும்: ‘கிருமி’ என்னும் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

கடந்த ஆண்டு நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு துண்டறிக்கை போட்டோம், சாதி ஆணவக் கொலை ஒன்றைக் கண்டித்து. வாசகத்தை எழுதியது நான்தான். ‘சாதி என்னும் கிருமியை வேரறுப்போம்’ என்று அதில் ஒரு வரி. கிருமிக்கு ஏது வேர் என்று யாரும் கேட்கவில்லை. நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிற தோழர் ஒருவர் மட்டும், “எந்தக் கிருமி தோழர்? எந்த உடம்புல?” என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார். கிருமி தன்னளவிலேயே தீயது, போகிற இடமெல்லாம் நோயைச் சுமந்துபோவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கே அது கொல்லும், எங்கே சும்மா கிடக்கும் என்பதை உடம்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது, அதில் கணிசமான பங்கு இரும்பு சம்பந்தப்பட்ட விவகாரம் என்றார். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: உருவகம் என் தொழில். ஓர் உருவகத்தை அச்சடித்து ஆயிரம் பேர் கையில் கொடுத்த பிறகாவது அதன் மூலப்பொருள் என்னவென்று பார்க்க வேண்டாமா?

நோய் எப்படி உருவகமாகிறது என்பதை 1978-லேயே சூசன் சொன்டாக் எழுதிவிட்டார். பாஸ்டரின் கிருமிகள் பிரெஞ்சுச் சமூகத்துக்குள் எப்படி அதிகாரம் பெற்றன என்பதை 1984-ல் புரூனோ லத்தூர் எழுதினார். இரண்டும் முக்கியமான வாசிப்புகள். என் அக்கறை கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கிருமி என்பதற்கு ஒரு சாராம்சம் உண்டு, ‘வீரியம்’ என்பது அதன் உள்ளே உறைந்திருக்கும் குணம் என்கிற எண்ணம் அறிவியலுக்குள்ளேயே எப்படிக் கட்டமைக்கப்பட்டது, எங்கே உடைந்தது, உடைந்தபோது யார் செத்தார்கள் என்பது. அதற்கு பிளேக் நோயின் வரலாறு நல்ல களம்.

முதலில் உடம்பின் பொருளாதாரத்தைப் பார்த்துவிடலாம். வளர்ந்த ஒரு மனித உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஓர் ஆணி அளவு, அவ்வளவுதான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாகப் பூட்டிக் கிடக்கிறது. இன்னொரு பங்கு கல்லீரலிலும் பிற கிடங்குகளிலும். ரத்த நீரில் பயணம் செய்கிற சொற்ப இரும்பும் தனியாக அலைவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுகப் பிடித்துக்கொண்டே போகிறது. பாக்டீரியாவுக்கோ சுவாசிக்கவும் வேண்டும் இரும்பு, தன் மரபுப்பொருளைப் படியெடுக்கவும் வேண்டும் இரும்பு. ஆக மனித ரத்தத்துக்குள் விழுந்த பாக்டீரியாவின் கதி, கடல் நடுவில் குடிதண்ணீர் இல்லாமல் கிடப்பவனின் கதி. சுற்றிலும் இருக்கிறது, எடுக்க முடியாது.

இது தெரியவந்ததே ஒரு கோழிமுட்டையிலிருந்துதான். ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இருவர் 1944-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு சீதபேதிக் கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது. இரும்பைச் சேர்த்தால் தடை நீங்கிவிடுகிறது. வெள்ளைக்கருவில் விஷம் எதுவும் இல்லை, அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் விஷயம். 1946-ல் மனித ரத்தத்திலும் இதே மாதிரி ஒரு பொருள் இருப்பதை இருவரும் காட்டினார்கள். மறு ஆண்டு சுவீடனில் அதற்கு டிரான்ஸ்ஃபெரின் என்று பெயர் வைத்தார்கள். கிடங்கில் தானியம் இருக்க வங்கத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்த பஞ்சத்துக்கு மறு வருஷம் 1944 என்பது தற்செயல். அதை வைத்து எதையும் நிறுவ நான் வரவில்லை. ஆனாலும் மனசு அங்கேதான் போகிறது.

இந்தப் பதுக்கலுக்கு 1975-ல் யூஜின் வைன்பர்க் என்ற அமெரிக்கர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘ஊட்டச்சத்து வழித் தற்காப்பு’ என்று ஆக்கலாம். கேட்டால் சத்துமாவு விளம்பரம் மாதிரி இருக்கும். அர்த்தம் நேர் எதிர்: எதிராளியைப் பட்டினி போட்டுத் தன்னைக் காத்துக்கொள்வது. தொற்று ஏற்பட்டதும் உடம்பு ரத்தத்திலிருந்து இரும்பை இன்னும் உள்ளே இழுத்துப் பூட்டுகிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறு புரதம்தான் அந்தக் கதவைச் சாத்துகிறது என்பது 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் தெளிவானது. நெடுநாள் நோயாளி வெளிறிப்போய்ச் சோகையாகக் கிடக்கிறாரே, அந்த வெளிறலில் ஒரு பகுதி உடம்பே செய்துகொண்டது. இரும்போடும் இது நிற்கவில்லை. சீழில் குவிகிற வெள்ளையணுக்கள் கால்புரொடெக்டின் என்ற புரதத்தைக் கொட்டி மாங்கனீசையும் துத்தநாகத்தையும் அபகரித்துக்கொள்கின்றன. நேர்மாறாக, கிருமியை விழுங்கிய அணு அதன்மேல் செம்பைக் கொட்டி நஞ்சூட்டவும் செய்கிறது. ஒரு கையில் பூட்டு, மறு கையில் விஷம்.

சரி, பாக்டீரியா இதற்கு என்ன செய்கிறது? இங்கேதான் ‘வீரியம் உள்ளே உறைந்த குணம்’ என்கிற எண்ணத்தின் முதல் விரிசல். தொண்டை அடைப்பான் நோயை எடுத்துக்கொள்வோம். டிப்தீரியா கிருமியின் நச்சைக் குதிரைகளுக்குச் செலுத்தி மாற்றுமருந்து எடுக்கிற தொழில் 1890-களில் தொடங்கிவிட்டது. கிருமியை வளர்க்கும் குழம்பில் நச்சு ஒரு தடவை கிடைக்கும், இன்னொரு தடவை கிடைக்காது. அதே கிருமி, அதே பாத்திரம். 1936-ல் பாப்பன்ஹைமரும் ஜான்சனும் காரணத்தைக் காட்டினார்கள்: குழம்பில் இரும்பு மிகுந்தால் நச்சு வராது. கிருமி வளர்கிற அளவுக்கு இரும்பு இருந்து, பிறகு தீர்ந்துபோக வேண்டும். அப்போதுதான் நச்சு பெருகும். அதன் உள்விவரம் 1990-ல்தான் தெரிந்தது. இரும்பைக் கையில் பிடித்திருக்கும்வரை ஒரு புரதம் நச்சு மரபணுவின் மேல் ஏறி உட்கார்ந்து அதை வாயடைத்து வைக்கிறது. இரும்பு போனதும் அதன் பிடி நழுவுகிறது. மரபணு பேசத் தொடங்குகிறது. குடலில் வாழும் கோலை பாக்டீரியாவிலும் இதே வேலையைச் செய்கிற வேறொரு புரதம் அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். பாக்டீரியாவிடம் வரைபடம் இல்லை. தான் மண்ணில் இருக்கிறோமா, சாக்கடையிலா, ஒரு குழந்தையின் தொண்டையிலா என்று அதற்கு எப்படித் தெரியும்? இரும்பு கிடைக்கவில்லை என்றால் உடம்புக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். உடம்பு தன்னைக் காக்க உண்டாக்குகிற பட்டினியே கிருமிக்கு முகவரியாகிவிடுகிறது. தற்காப்பு / தாக்குதல் என்கிற இருமை எதிர்வை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது? தற்காப்பு தாக்குதலின் சமிக்ஞையாக இருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தின் எழுவாயும் பயனிலையும்.

இனி பிளேக்குக்கு வரலாம். 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்ட அந்தப் பாக்டீரியா 1898-ல் கப்பல் வழியாக மடகாஸ்கர் தீவின் துறைமுகத்துக்கும், 1921-ல் அதன் மேட்டுநிலத் தலைநகருக்கும் போய்ச் சேர்ந்தது. மடகாஸ்கர் அப்போது பிரெஞ்சுக் காலனி. பிளேக்கில் செத்தவர்களைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யக்கூடாது என்று காலனி அரசு தடை போட்டது. மூதாதையரின் எலும்புகளோடு சேர்ந்து கிடப்பதையே வாழ்வின் நிறைவாகக் கருதிய மலகாசி மக்களுக்கு அது நோயைவிடப் பெரிய இழப்பாக இருந்திருக்கும். 1926-ல் பிளேக்கில் இறந்த ஒரு குழந்தையின் உடலிலிருந்து ஜார்ஜ் ஜிரார், ழான் ரோபிக் என்ற இரண்டு மருத்துவர்கள் கிருமியை எடுத்தார்கள். குழந்தை பெயரின் முதலெழுத்துகள் அந்தக் கிருமிவகைக்குப் பெயராயின: ‘ஈ.வி.’ குழந்தையின் முழுப்பெயர் உலகத்துக்கு வேண்டியிருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அறை வெப்பத்தில் குழாய் மாற்றிக் குழாயாக வருஷக்கணக்கில் வளர்த்ததில் கிருமி சாதுவாகிவிட்டது. அதையே உயிருள்ள தடுப்பூசியாக்கி 1930-களின் நடுவில் தீவு மக்களுக்கு வெகுஜன அளவில் போட்டார்கள். பிளேக் சாவுகள் குறைந்தன, அதை மறுக்க வேண்டியதில்லை. காலனியம் செய்தது என்பதாலேயே ஒரு தடுப்பூசி வேலை செய்யாமல் போய்விடாது.

கிருமி ஏன் சாதுவானது? அப்போது யாருக்கும் தெரியாது. இன்று தெரியும். பிளேக் பாக்டீரியாவின் மரபுப்பொருளில் சுமார் 1,02,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு இருக்கிறது. அதன் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரியான வாசகம். அந்த இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் நடுவில் இருப்பது மொத்தமாகக் கழன்று விழுந்துவிடும். லட்சத்தில் ஒரு பாக்டீரியாவுக்கு இது சாதாரணமாகவே நடக்கிறது. அந்தத் துண்டுக்குள்தான் உடம்பின் பூட்டை உடைத்து இரும்பைத் திருடும் கருவிகள் இருக்கின்றன. உடம்புக்குள் அது இல்லாதவன் செத்தான். ஆய்வுக்கூடக் குழாயிலோ இரும்பு தாராளம். கருவியைத் தொலைத்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நடப்பவன் மாதிரி அவன் பாட்டுக்குப் போகிறான். இதைப் பாக்டீரியாவின் ‘பலவீனம்’ என்று சொல்ல முடியுமா? அது குழாய் என்கிற புதிய ஊரில் சொகுசாக வாழ்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் காட்சி இங்கிலாந்துக்கு மாறுகிறது. ஏனென்றால் சாதுவான பிளேக் கிருமிக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தது போர்ட்டன் டவுன். 1916-ல் நச்சுவாயுப் போருக்காகத் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் ராணுவ ஆய்வுத்தளம் அது. 1940-லிருந்து கிருமிப்போர் ஆய்வும் சேர்ந்துகொண்டது. 1942-ல் குருய்னார்ட் என்ற ஸ்காட்லாந்துத் தீவில் ஆடுகளின் மேல் ஆந்த்ராக்ஸ் குண்டைச் சோதித்துப் பார்த்தவர்கள் இவர்கள். 1952-ல் லூயிஸ் தீவுக்கு அப்பால் கடலில் குரங்குகளையும் கினிப் பன்றிகளையும் மிதவையில் கட்டி வைத்து பிளேக் கிருமியை மேகமாகப் பரப்பினார்கள். கரேல்லா என்ற மீன்பிடிப் படகு அந்த மேகத்தின் ஊடாகப் போய்விட்டது. படகில் இருந்தவர்களிடம் எதுவும் சொல்லாமல், அவர்களுக்கு நோய் வருகிறதா என்று ரகசியமாகக் கண்காணித்தார்கள். வரவில்லை. இது நடந்து நாலு வருஷம் கழித்து, அதே போர்ட்டனில் வேலை பார்த்த ஜாக்சனும் பர்ரோசும் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார்கள், ரகசிய அறிக்கையாக அல்ல, எல்லோரும் படிக்கிற மருத்துவ இதழில்.

விஷயம் எளிமையானது. ஹீமின் என்ற இரும்புச் சேர்மம் கலந்த தட்டில் பிளேக் கிருமியை வளர்த்தால் கொல்லக்கூடிய வகைகள் பழுப்பாக வளர்கின்றன. நடுநடுவே சில வெளிறிய புள்ளிகள். வெளிறியவற்றைச் சுண்டெலிக்குள் செலுத்தினால் எலி சாவதில்லை. கூடவே இரும்பு உப்பையும் செலுத்தினால்? செத்துப்போகிறது. சாதுக் கிருமி மறுபடி கொலைகாரனாகிவிட்டது. கிருமியில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. மாறியது எலியின் உடம்பு.

1956-ல் நடந்த இந்தச் சோதனையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீரியம் ஒரு பொருளின் குணமல்ல, ஓர் உறவு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவக்காரனும் சொன்னதில்லை. பொருளுக்கு அர்த்தம் சொல்லிலா, சொற்களுக்கு இடையிலான உறவிலா என்று நாம் எத்தனை இதழ்களில் மாறி மாறி எழுதியிருக்கிறோம்! ராணுவ ஆய்வுக்கூடத்து எலிகள் வைத்துச் சத்தமில்லாமல் முடித்துவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. போர்ட்டன்காரர்கள் நிறத்தை வைத்துக் கிருமியைப் பிரித்ததால், அந்த 1,02,000 எழுத்துத் துண்டுக்கு ‘நிறமிப் பகுதி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1990-களில் அமெரிக்காவின் கென்டக்கியில் ராபர்ட் பெர்ரி, ஜாக்குலின் ஃபெதர்ஸ்டன் முதலானோர் துண்டைப் பகுத்துப் பார்த்தபோது நிறமும் கொலையும் வேறு வேறு என்று தெரிந்தது. நிறத்தைத் தருவது ஒரு மரபணுக் கூட்டம். அது தெள்ளுப்பூச்சியின் குடலை அடைத்து, அதைப் பசியில் வெறிகொண்டு கடிக்க வைப்பதற்கு உதவுகிறது. பாலூட்டியின் உடம்பில் அதற்கு வேலையில்லை. இரும்பைத் திருடுவது பக்கத்தில் குடியிருக்கும் இன்னொரு கூட்டம். இரண்டும் ஒரே துண்டில் இருப்பதால் சேர்ந்தே தொலைகின்றன. நாற்பது வருஷம் குறிப்பானைப் பார்த்துக் குறிப்பீடு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இருந்ததோ அக்கம்பக்க உறவு மட்டும்.

திருடும் கருவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1952-ல் பெர்க்லியில் ஜே.பி. நீலண்ட்ஸ், கரிப்பூட்டை நோயை உண்டாக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். நுண்ணுயிரிகள் இத்தகைய சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து வெளியே அனுப்புகின்றன. அவை போய் இரும்பைக் கவ்வ, கவ்வியதை வாசலில் காத்திருக்கும் ஏற்பி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ‘சைடரோஃபோர்’ என்ற பெயர் 1973-ல் வந்தது. கிரேக்கத்தில் இரும்புச் சுமப்பி என்று பொருள். பிளேக் கிருமியுடையதற்கு யெர்சினியாபாக்டின் என்று பெயர். அது பிளேக்குக்கு மட்டும் உரியதும் அல்ல. சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்குக் காரணமான பல கோலை பாக்டீரியாக்களிடமும் அதே மரபணுத் தொகுதி இருக்கிறது. கைமாறிக் கைமாறி வந்த சாமான். அங்கே அது செம்பையும் கவ்விப் பிடித்து உடம்பின் செம்பு நஞ்சிலிருந்து பாக்டீரியாவைக் காக்கிறது. பிளேக் கிருமிக்குத் துத்தநாகம் சேர்த்துத் தரவும் உதவுகிறது. உடம்பும் விட்டபாடில்லை. சைடரோஃபோரையே பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அதற்கு எதிராக டைஃபாய்டின் உறவுக்கார சால்மொனெல்லா தன் சைடரோஃபோரின் மேல் சர்க்கரையை ஒட்டி வேஷம் போட்டு அனுப்புகிறது. இந்த ஓட்டத்திலேயே சேராமல் ஒதுங்கிக்கொண்டதும் உண்டு: லைம் நோய்க் கிருமி இரும்பை அடியோடு கைவிட்டு மாங்கனீசை வைத்துக் குடித்தனம் நடத்துகிறது என்று 2000-ல் காட்டினார்கள். ‘ஒத்துழையாமை’ என்று எழுத விரல் துடிக்கிறது. துண்டறிக்கை அனுபவத்துக்குப் பிறகு அடக்கிக்கொள்கிறேன்.

நீலண்ட்ஸ் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய வேறொன்று இருக்கிறது. வியட்நாம் போரின்போது ரஸ்ஸல் தீர்ப்பாயத்துக்காக 1967-ல் வட வியட்நாம் போய்வந்தவர் அவர். அமெரிக்கா அங்கே நடத்திய ரசாயனப் போரைப் பற்றி வேறு சிலரோடு சேர்ந்து 1972-ல் புத்தகம் வெளியிட்டவர். போர்ட்டன் / பெர்க்லி என்று ஒரு எதிர்வு எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிற்கவில்லை. போர்ட்டனின் எலிகள் இல்லாமல் யெர்சினியாபாக்டினின் அர்த்தம் இல்லை, பெர்க்லியின் வேதியியல் இல்லாமல் எலிகளின் சாவுக்கு விளக்கம் இல்லை. அறிவு தான் பிறந்த வீட்டுக்கு விசுவாசமாக இருப்பதில்லை.

2009 செப்டம்பரில் சிகாகோவில் ஒரு மனிதர் இறந்தார். வயது 60. பல்கலைக்கழக ஆய்வாளர். காய்ச்சல், இருமல் என்று மருத்துவமனைக்கு வந்தவர் அன்றைக்கே இறந்துவிட்டார். ரத்தத்தில் வளர்ந்தது பிளேக் கிருமி. அவர் ஆய்வுக்கூடத்தில் கையாண்டது அந்த ‘நிறமிப் பகுதி’ தொலைந்துபோன, சாதுவாக்கப்பட்ட வகை. கடுமையான பாதுகாப்பு விதிகள் பொருந்தும் ஆபத்தான கிருமிகளின் பட்டியலிலிருந்து விலக்கு பெற்றது. உடற்கூறாய்வில் ஒன்று தெரிந்தது: அவருக்கு ஹீமோகுரோமடோசிஸ் இருந்திருக்கிறது. உடம்பு பிறப்பிலிருந்தே உணவிலிருந்து தேவைக்கு அதிகமாக இரும்பை உறிஞ்சிச் சேர்த்துக்கொண்டே போகிற மரபுக் கோளாறு. தனக்கு அது இருப்பது அவருக்கே தெரியாது. 1956-ல் எலிக்கு ஊசியில் ஏற்றிய இரும்பை இவர் உடம்பு அறுபது வருஷமாகத் தானே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கருவியைத் தொலைத்த கிருமிக்குத் திருடவேண்டிய அவசியமே இருக்கவில்லை, பூட்டு திறந்தே கிடந்தது. பின்னர் இதே கோளாறுள்ள சுண்டெலிகளில் சோதித்து, சாதுவான வகைகள் அவற்றைக் கொல்வதை 2012-ல் வெளியிட்டார்கள்.

அந்தக் கிருமிவகையின் பெயர் ‘கிம்’. விரித்தால் குர்திஸ்தான், ஈரான், மனிதன். குர்திஸ்தானில் பிளேக் கண்ட ஒரு மனித உடம்பிலிருந்து எடுத்தது என்பதன் சுருக்கம். மடகாஸ்கர் குழந்தைக்கு இரண்டு எழுத்தாவது மிஞ்சியது. இவருக்கு ‘மனிதன்’.

‘சாதுவாக்கப்பட்டது’ என்று குப்பியின் மேல் எழுதும்போது, எந்த உடம்பில் என்று யாரும் எழுதுவதில்லை. ‘சராசரி உடம்பில்’ என்பது சொல்லாமல் விடப்பட்ட மீதி வாக்கியம். இயல்பு என்பது புள்ளிவிவரச் சராசரி அல்ல, ஓர் உயிர் தன் சூழலோடு வைத்துக்கொள்ளும் உறவு என்று ஜார்ஜ் காங்கியெம் 1943-லேயே வாதிட்டார். ஃபூக்கோவுக்கு ஆசானாக மட்டும் நாம் அறிந்து வைத்திருக்கிற அதே காங்கியெம். சிகாகோ ஆய்வாளர் சராசரியிலிருந்து விலகிய உடம்பு. ஆனால் அரிதானதும் இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளியில் இருநூறு முந்நூறு பேருக்கு ஒருவர் இந்த மரபணுவின் இரண்டு படிகளையும் சுமக்கிறார்கள். இதை வைத்து ஒரு பிரபலமான கதையும் கட்டியிருக்கிறார்கள்: கறுப்புச் சாவின்போது இந்த மரபணு உள்ளவர்கள் பிழைத்தார்கள், அதனால்தான் ஐரோப்பாவில் இது பரவியது என்று. அழகான பெருங்கதையாடல். ஆனால் அயர்லாந்தில் சுமார் நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய எலும்புகளிலேயே அந்த மரபணு இருப்பது 2016-ல் தெரிந்தது. பிளேக்கும் அந்தக் காலம்வரை பழமையானதுதான், ஆகவே கதை முழுசாகச் செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கறுப்புச் சாவு செதுக்கிய மரபணு என்கிற வரி மட்டும் இனி நிற்காது.

சராசரி உடம்பைப் பற்றிய இந்தப் பிரச்சினை சிகாகோ பேராசிரியரோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1970-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில், ரத்தசோகையைத் தடுப்பதற்கென்று பாலினேசியப் பச்சைக் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் இரும்பு ஊசி போட்டுவந்தார்கள். ஊசி போட்ட குழந்தைகளிடையே கோலை பாக்டீரியா ரத்தத்தில் பரவிய நோய்கள் கூடின. பாரி, ரீவ் என்ற இரு மருத்துவர்கள் கணக்கெடுத்து எழுதினார்கள். ஊசியை நிறுத்தியதும் நோய் குறைந்தது. நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. சோகை அதிகம் உள்ள இனம் என்று ஒரு மக்கள்கூட்டம் வகைப்படுத்தப்பட்டது. வகைப்பாட்டின் பெயரால் ஊசி போடப்பட்டது. குழந்தையின் குடலில் ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியாவுக்குத்தான் அது விருந்தாயிற்று. 1978-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சோமாலிய நாடோடிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது: இரும்பு கொடுக்கப்பட்ட 71 பேரிடையே 36 தொற்றுகள், வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரிடையே 7. உள்ளே அடங்கிக் கிடந்த காசநோயும் புரூசெல்லா காய்ச்சலும் மலேரியாவும் எழுந்துகொண்டன. வெளிறிய காசநோயாளிக்கு இரும்பு கொடுக்காதே என்று பாரிஸில் துரூசோ என்ற மருத்துவர் 1860-களிலேயே மாணவர்களுக்குச் சொல்லிவந்தது பழங்கதையாகியிருந்தது.

இந்த இடத்துக்கு வந்ததும் கட்டுரையின் முதல் வரைவில், இரும்பு மாத்திரை என்பதே ஏழை உடம்பைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தின் கருவி என்று எழுதிவிட்டேன். கைப்பிரதியைப் படித்த தோழர் அந்தப் பத்தியின் பக்கத்தில், “இதை உங்க ஊர் அங்கன்வாடி முன்னாடி நின்னு சொல்லுவீங்களா?” என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்ணிடம் போய் உறவுமுறைத் தத்துவம் பேச முடியாது.

தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்த சோதனையைத் தோழர்தான் எடுத்துக் காட்டினார். மூன்று வயதுக்கு உட்பட்ட 24,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெற்ற பிரிவில் சாவும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்த்து 12 சதவீதம் கூடுதலாக இருந்ததால், 2003-ல் இரும்பை நடுவிலேயே நிறுத்தினார்கள்; முடிவு 2006-ல் வெளியானது. அங்கே பெரும் பங்கு மலேரியாவுடையது, அது பாக்டீரியாவே அல்ல, ஒட்டுண்ணி. ஆனால் அதுவும் இரும்புக்கு அலைகிற ஒன்றுதான். அதே ஆய்வின் ஒரு கிளையில் குழந்தைகளின் ரத்தத்தை முதலிலேயே சோதித்து, காய்ச்சல் வந்தால் கவனித்து மருந்தும் கொடுத்தார்கள். அந்தக் கிளையில், உண்மையாகவே இரும்பு குறைந்து சோகையாக இருந்த குழந்தைகளுக்கு மாத்திரை நன்மை செய்தது. மலேரியா உள்ள பகுதிகளில் அதைத் தடுக்கவும் கண்டறியவும் சிகிச்சை தரவும் வசதி செய்தபிறகே குழந்தைகளுக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் எழுதியது.

நம் ஊர் இரும்பு மாத்திரைத் திட்டத்தின் வழிகாட்டு நெறியிலும் கடுமையான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நிமோனியா இருக்கும்போது மாத்திரையை நிறுத்திவை என்றொரு வரி இருக்கிறது. தாலசீமியா நோயாளிகளுக்குக் கொடுக்காதே என்றும் இருக்கிறது. தலையை எண்ணி மாத்திரை கொடுத்துப் பதிவேட்டில் கோடு போடவேண்டிய ஒரு பணியாளர், ஒவ்வொரு பிள்ளையிடமும் காய்ச்சல் அடிக்கிறதா என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும், அந்த நேரம் அவருடைய வேலை நேரத்தில் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று அடுத்த துண்டறிக்கை போடலாம் என்கிறார் தோழர். வாசகத்தை இந்தத் தடவை அவரே எழுதுவதாக ஏற்பாடு.